கைமுறுக்கு சுற்றும் விரலும் ஒத்துத் துடிக்கும் நரம்பணுக்களும்

கைமுறுக்கு சுற்றும் ஆச்சியின் கையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மாவு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கேறி, இழையாகத் துணியின்மேல் வட்டமாக இறங்கும். அப்போது புறங்கையில், அந்த இரண்டு விரல்களும் பிரிகிற கவையில் ஒரு சதை புடைப்பதும் அடங்குவதுமாக இருக்கும். உங்கள் கையிலும் அதைத் தொட்டுப் பார்க்கலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்திக்கொண்டு மறு கையால் கவையைத் தடவினால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு திரட்சி தட்டுப்படும். முதல் புறங்கை எலும்பிடைத் தசை என்பது அதன் முழுப்பெயர். இந்தப் பதிவில் கவைத்தசை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மனிதக் கையில் நரம்பணுக்களின் துடிப்பைப் படிப்பவர்கள் திரும்பத் திரும்ப இந்தச் சிறு சதைக்கே வருகிறார்கள். காரணம் மிகவும் நடைமுறையானது. இது தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சாய்க்கும் வேலையை ஏறக்குறைய இது ஒன்றே பார்த்துக்கொள்கிறது. ஆகவே விரலின் பக்கத்தில் ஒரு விசைமானியை நிறுத்தினால் அதில் விழும் எண்ணை இந்தத் தசையின் கணக்கிலேயே எழுதலாம். முன்கைத் தசைகளில் இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு விரல் மடங்கினால் நான்கு தசைகள் பங்குக்கு வரும்.

தசை என்பது ஒரே கயிறு அல்ல. தண்டுவடத்தில் உள்ள ஓர் இயக்க நரம்பணு, அதிலிருந்து கிளம்பும் ஒரு நரம்பிழை, அந்த இழை கிளைத்துப் போய்த் தொடும் சில நூறு தசைநார்கள். இந்தத் தொகுப்புக்குத்தான் 1925-ல் லிடெல்லும் ஷெரிங்டனும் மோட்டார் யூனிட் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் இயக்க அலகு. நரம்பணு ஒரு முறை துடித்தால் அதன் நார்கள் அத்தனையும் ஒரு முறை சுண்டும். பாதி சுண்டுவது என்ற பேச்சே கிடையாது. 1955-ல் ஃபைன்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட எண்ணிக்கைப்படி கவைத்தசையில் ஏறத்தாழ 119 இயக்க அலகுகள் உண்டு. அலகு ஒன்றுக்குச் சராசரி 340 நார்கள். உள்ளங்கைக்குள் இருக்கும் முதல் புழுவடிவத் தசையில் 96 அலகுகள், அலகுக்கு 108 நார்கள்தான். கெண்டைக்காலின் உட்பக்கத் தசையில் 579 அலகுகள், அலகுக்கு 1,934 நார்கள். ஒரு நரம்பணுவின் ஆளுகைக்குள் வரும் நார்கள் குறையக் குறைய, விசையைச் சிறு சிறு படிகளாக ஏற்றவும் இறக்கவும் முடியும். மாவு இழை அறுந்துவிடாமல் முறுக்கேறுவது அந்தச் சிறு படிகளால்தான்.

விசை கூடும்போது சிறிய அலகுகள் முதலில் வேலைக்கு வரும், பெரியவை பின்னால் வரும். ஹென்னமன் பூனையில் கண்ட இந்த ஒழுங்கை, 1973-ல் மில்னர்-பிரவுன், ஸ்டைன், யெம் மூவரும் மனிதக் கவைத்தசையில் காட்டினார்கள். மெல்லப் பிடிக்கும்போது ஓர் அலகு வினாடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஒரே சீராக இருக்காது. சராசரி 100 மில்லி வினாடி என்றால் முன்பின்னாக 20 மில்லி வினாடி சிதறும். இந்தச் சிதறலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இதன்மேல் நிற்கிறது.

ஒரே மடை, இரண்டு வயல்

இரண்டு அலகுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் வினாடிக்குப் பத்து முறை துடிக்கின்றன. ஒன்றை ஒன்று அறியாது. அப்படியானால் இரண்டும் ஒரே நேரத்தில் துடிப்பது தற்செயலாக மட்டுமே நடக்க வேண்டும். நடப்பதோ தற்செயலுக்கு மேல். ஒன்று துடித்த சில மில்லி வினாடிகளுக்குள் மற்றதும் துடிப்பது, எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அல்ல. இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று என்ற அளவில். இதுதான் குறுகிய நேர ஒத்திசைவு. சியர்ஸும் ஸ்டாக்கும் 1976-ல் பூனையின் விலா எலும்பிடைத் தசைகளில் இதை விளக்கினார்கள். 1990-ல் தத்தாவும் ஸ்டீவன்ஸும் மனிதக் கவைத்தசையில் விரிவாக அளந்தார்கள்.

காரணத்தைக் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். ஒரு மடையில் இருந்து வாய்க்கால் பிரிந்து இரண்டு வயலுக்குப் போகிறது. இரண்டு வயலுக்கும் வேறு வேறு மடைகளில் இருந்தும் தண்ணீர் வருகிறது. ஆகவே வரப்பு வழியும் நேரம் இரண்டுக்கும் வேறு. ஆனால் தற்செயலாக இரண்டுமே விளிம்புவரை நிறைந்திருக்கும் ஒரு கணத்தில் பொது மடையில் இருந்து ஒரு கை தண்ணீர் கூடுதலாக வந்தால், இரண்டு வரப்பும் ஏறத்தாழ ஒன்றாக வழியும். மூளைப் புறணியில் இருந்து இறங்கும் ஒரு நரம்பிழை தண்டுவடத்தில் கிளை பிரிந்து பல இயக்க நரம்பணுக்களைத் தொடுகிறது. அந்த இழை அனுப்பும் ஒரு துடிப்பு இரண்டு நரம்பணுக்களிலும் ஒரே வேளையில் சிறு தூண்டலை ஏற்றுகிறது. இரண்டும் விளிம்பில் இருந்தால் இரண்டும் துடிக்கும். ஒன்று மட்டும் விளிம்பில் இருந்தால் அது மட்டும் துடிக்கும். ஒத்திசைவு எப்போதாவது தலைகாட்டும் மெல்லிய விஷயமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே தசையில் ஊசி வைத்து நாம் அளப்பது தசையைப் பற்றிய செய்தி இல்லை. தண்டுவடத்துக்குள் எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது என்ற செய்தி. மனிதனின் தண்டுவடத்தைத் திறக்காமல் அந்த இணைப்புகளைப் பற்றித் தெரிந்துகொள்ள இருக்கும் மிகச் சில வழிகளில் இது ஒன்று. இந்த அளவை முறைமேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கும், அதை அவசரமாகச் செய்வதைப் பார்த்தால் வரும் வருத்தத்துக்கும் காரணம் அதுதான்.

அளக்கும் விதம்

ஊசி ஏற்றுவது மருத்துவர் கையால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, கையைக் கொடுப்பவரின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு நடக்க வேண்டிய வேலை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

முன்கை மேசைமேல், உள்ளங்கை கீழ்நோக்கி. கட்டைவிரல் ஒரு தாங்கியில் கட்டப்பட்டு அசையாமல் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் நீட்டிய நிலையில் சிம்பு வைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். விசைமானி விரலின் நடுக்கணுவை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்கும். முதலில் முழு பலத்தோடு மூன்று முறை அழுத்தச் சொல்லி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அளவை நடப்பது அதில் 5 முதல் 10 சதவீதத்தில். அதற்கு மேல் போனால் அலகுகள் குவிந்து ஒன்றின்மேல் ஒன்று விழும், பிரித்தெடுக்க முடியாது.

மின்முனை இரண்டு வேண்டும். ஒன்றில் இரண்டு அலகுகளைப் பிடித்துவிடலாமே என்று பலருக்கும் ஆசை வரும். வேண்டாம். இரண்டு அலகுகள் ஒரே கணத்தில் துடித்தால் ஒரே மின்முனையில் இரண்டு வடிவமும் கலந்து மூன்றாவதாக ஒரு விசித்திர வடிவம் வரும். பிரிக்கும் மென்பொருள் அதில் ஒன்றையோ இரண்டையுமோ தவறவிடும். நீங்கள் தேடுவதே அந்தக் கணத்தைத்தான். தேடும் பொருளையே தொலைக்கும் கருவியாக அது ஆகிவிடும். ஓர் அலகு துடித்ததற்கு எவ்வளவு முன்பின்னாக மற்றது துடித்தது என்று எண்ணிப் போடும் குறுக்குத் தொடர்பு வரைபடத்தில் (கீழே விளக்குகிறேன்) சரியாகச் சுழியத்தில், மேட்டின் நடுவே ஒரு பள்ளம் தெரிந்தால், இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று பொருள். இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே குறைந்தது 1 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

மெல்லிய கம்பியாக இருந்தால் 50 மைக்ரான் தடிமன், முனை தவிர மற்ற இடம் பூச்சால் மூடப்பட்டது, நுனி கொக்கியாக வளைக்கப்பட்டது. 25 அல்லது 27 எண் ஊசிக்குள் வைத்து ஏற்றி, ஊசியை மட்டும் உருவிவிடுவார்கள். கம்பி தசையோடு தசையாக நகரும், வலியும் குறைவு. நடுவில் கம்பி ஓடும், தசையிலேயே தங்கும் மையக்கம்பி ஊசியில் சமிக்ஞை இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் கை சற்று அசைந்தாலும் ஊசி வேறு நாருக்கு நகர்ந்து அலகின் வடிவம் மாறிவிடும். ஒவ்வொரு மின்முனையையும் வினாடிக்கு 20,000 முறையாவது மாதிரி எடுங்கள். விசைக்கு 1,000 போதும்.

நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு குறிப்பு. ஊசி இல்லாமல் தோலின்மேல் ஒட்டும் 64 மின்முனைப் பலகை இப்போது பரவலாகிவிட்டது. கவைத்தசைக்கு 4 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டதுதான் பொருந்தும். காரைக்குடியின் மே மாத வியர்வையில் பக்கத்துப் பக்கத்து மின்முனைகளின் பசை ஒன்றோடொன்று வழிந்து சேர்ந்துவிடும். இரண்டு மின்முனைகள் ஒரே அலையைக் காட்டினால் முதலில் பசையைச் சந்தேகியுங்கள். வியர்வையின் உப்பு மாறும்போது தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள மின்னழுத்தமும் மாறி அடிக்கோடு அலையும். வெள்ளியின்மேல் வெள்ளி குளோரைடு பூசிய மின்முனை இதை நன்றாகத் தாங்கும். வெறும் எஃகு தாங்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில், ஒரு மின்முனைக்கும் உப்புநீருக்கும் நடுவே நடப்பதை மாணவர்களுக்குச் சொல்லித் தருவது கடினமாக இருக்கக் கூடாது. உடலியல் படிப்பவர்கள் வேதியியல் துறையின் கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவே.

மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டரையும் இன்வெர்ட்டரையும் அளவை முடியும்வரை அணைத்துவையுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டு மின்முனைகளிலும் ஒரே கணத்தில் விழும். மென்பொருள் அதைத் துடிப்பு என்று எண்ணிவிட்டால், இல்லாத ஒத்திசைவு 20 மில்லி வினாடிக்கு ஒரு முறை தலைதூக்கும்.

கையைக் கொடுப்பவர் வயதானவராக இருந்தால், “ஆச்சி, பலமா அழுத்துங்க” என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். பலம் என்றதும் தோள்வரை இறுக்கிக்கொள்வார்கள். “ஆச்சி, திரையில அந்தக் கோடு தெரியுதுல்ல, அதத் தாண்டாம விரலை மட்டும் லேசா சாய்ச்சு வைங்க” என்றால் சரியாக வரும். அலகின் துடிப்பை ஒலிபெருக்கியில் டக் டக் என்று கேட்க வைத்தால் இன்னும் நல்லது. அந்த டக் டக் சீராக வருமாறு விரலைப் பிடித்திருக்க மனிதர்கள் இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கை

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 4 நிமிடப் பதிவு, அதாவது 240 வினாடி. முதல் அலகு வினாடிக்கு 10 வீதம் 2,400 முறை துடித்திருக்கிறது. இரண்டாவதும் வினாடிக்கு 10. முதல் அலகின் ஒவ்வொரு துடிப்பையும் சுழியமாக வைத்து, அதற்கு 100 மில்லி வினாடி முன்னும் பின்னும் இரண்டாவது அலகு எப்போது துடித்தது என்று 1 மில்லி வினாடிக் கட்டங்களில் எண்ணி நிரப்புங்கள். தொடர்பே இல்லையென்றால் ஒரு கட்டத்தில் எத்தனை விழும்? 2,400-ஐ வினாடிக்கு 10-ஆலும் 0.001 வினாடியாலும் பெருக்கினால் 24. தற்செயல் சிதறல் அதன் வர்க்கமூலம், சுமார் 5.

சுழியத்தை ஒட்டி 12 மில்லி வினாடி அகலத்துக்கு ஒரு மேடு தெரிகிறது என்று வைப்போம். அங்கே எதிர்பார்ப்பது 288. எண்ணிப் பார்த்தால் 408. கூடுதல் 120. இதை மூன்று விதமாகச் சொல்வார்கள். 408-ஐ 288-ஆல் வகுத்தால் 1.42, இது மேட்டின் விகிதம். 120-ஐ 2,400-ஆல் வகுத்தால் 0.05, முதல் அலகின் இருபது துடிப்புக்கு ஒரு கூடுதல் துடிப்பு. 120-ஐ 240 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 0.5 கூடுதல் துடிப்பு. நோர்ட்ஸ்ட்ரம், ஃபியூக்லவாண்ட், எனோக்கா மூவரும் 1992-ல் முன்வைத்த பொது உள்ளீட்டு வலிமை என்ற அளவு இந்த மூன்றாவதுதான். நான் இதையே பயன்படுத்தச் சொல்வேன். காரணம், முதல் விகிதம் அலகுகள் துடிக்கும் வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். மெதுவாகத் துடித்தால் தளமட்டம், அதாவது தற்செயலாக ஒரு கட்டத்தில் விழும் எண்ணிக்கை, தாழும், அதனால் மேடு உயரமாகத் தோன்றும். இரண்டு கைகளை ஒப்பிடும்போது ஒரு கை 8-லும் மறு கை 12-லும் துடித்திருந்தால் அந்த விகிதத்தை நம்பி எழுதும் முடிவு தவறாகப் போகும்.

மேட்டின் எல்லையைக் கண்ணால் குறிக்காதீர்கள். கண் எப்போதும் ஆசைப்பட்ட இடத்தில் எல்லை போடும். ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிக்கையில் இருந்தும் தளமட்டத்தைக் கழித்துத் தொடர்ச்சியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்தக் கூட்டல் கோடு திடீரென ஏறத் தொடங்கும் இடம் மேட்டின் தொடக்கம், ஏறி முடியும் இடம் முடிவு. எல்லாவே 1978-ல் சொன்ன இந்த வழி இன்றும் போதுமானது. தளமட்டத்தைச் சுழியத்தில் இருந்து 40 மில்லி வினாடிக்கு அப்பால் உள்ள கட்டங்களில் இருந்து எடுங்கள். மேடே தெரியாவிட்டால் அந்த ஜோடியைத் தூக்கி எறியக் கூடாது. சுழியத்தைச் சுற்றி 11 மில்லி வினாடி எடுத்துக்கொண்டு அதற்கும் எண் கணக்கிட வேண்டும். மேடு தெரிந்த ஜோடிகளை மட்டும் சராசரி எடுத்தால் ஒத்திசைவு இல்லாத கை என்று உலகத்தில் ஒன்றுமே இருக்காது.

பதிவின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வினாடிக்கு 0.5 என்பது 1 நிமிடப் பதிவிலும் தெரியும்: எதிர்பார்ப்பது 72, கூடுதல் 30, சிதறல் 8.5. ஆனால் வினாடிக்கு 0.1 போன்ற மெல்லிய ஒத்திசைவில், 4 நிமிடத்திலும் கூடுதல் 24, சிதறல் 17. ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அதற்குப் பல ஜோடிகள் வேண்டும். ஒரே பதிவை நீட்டிக்கொண்டே போனால் தசை களைத்து வேகம் மாறிவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் இன்னும் உண்டு. இரண்டு மின்முனைகளும் ஒரே அலகைப் பிடித்திருந்தால், 1 அல்லது 2 மில்லி வினாடி அகலத்தில் பனைமரம் போல ஒரு மேடு எழும். உண்மையான மேடு அவ்வளவு ஒல்லியாக இருக்காது. சந்தேகம் வந்தால் முதல் மின்முனையின் துடிப்புகளைச் சுழியமாக வைத்து இரண்டாவது மின்முனையின் மூல அலையைச் சராசரி எடுங்கள். அங்கே தெளிவான வடிவம் வந்தால் ஒரே அலகு. அலகின் துடிப்பு இடைவெளிகளைத் தனியாக அடுக்கிப் பாருங்கள். 20 மில்லி வினாடிக்குக் கீழே நிறைய விழுந்தால் வேறொரு அலகும் கலந்திருக்கிறது. 100-க்கு ஒரு குவியலும் 200-க்கு ஒரு குட்டிக் குவியலும் தெரிந்தால் துடிப்புகள் தவறியிருக்கின்றன. தோல்மேல் பலகையில் பிரித்தெடுக்கும் மென்பொருள் ஒரே அலகை இரண்டு பெயரில் கொடுப்பதும் உண்டு. இரண்டு பட்டியலில் 30 சதவீதத்துக்கு மேல் துடிப்புகள் அரை மில்லி வினாடிக்குள் பொருந்தினால் ஒன்றை நீக்கிவிடுங்கள். மேசையில் யாராவது கையை ஊன்றினால் எல்லா மின்முனையிலும் ஒன்றாக ஒரு அதிர்வு விழும். அந்த வினாடியை வெட்டி எறியுங்கள்.

இன்னொன்று, மேடு எவ்வளவு அகலம் என்பது. அலகுகளின் வேகம் வினாடிக்கு ஒன்றிரண்டு முறை மெல்ல ஏறி இறங்கும். எல்லா அலகுகளும் சேர்ந்தே ஏறி இறங்கும். டி லூக்கா 1982-ல் பொது உந்தல் என்று எழுதியது இதைத்தான். இது வரைபடத்தில் நூற்றுக்கணக்கான மில்லி வினாடிக்குப் பரந்த ஒரு மணல்மேடாக வரும். குறுகிய மேடு அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால் கிளை பிரிந்த நரம்பிழைக்கும் மெல்லிய விசைத் தள்ளாட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

விரலுக்கு விரல்

ஒரு தசைக்குள் இருக்கும் ஜோடிகளைவிட வேறு வேறு விரல்களின் ஜோடிகள் சுவையானவை. பிரெம்னர், பேக்கர், ஸ்டீவன்ஸ் 1991-ல் விரல் தசைகள் பலவற்றை ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே விரலை அசைக்கும் தசைகளுக்கு நடுவே ஒத்திசைவு வலுவாக இருக்கிறது, விரல்கள் தள்ளித் தள்ளிப் போகப் போக அது மெலிகிறது. கட்டைவிரலை மடக்கும் நீண்ட தசையும் ஆள்காட்டி விரலை மடக்கும் ஆழ்ந்த தசையின் பகுதியும் தனித்தனித் தசைகள். ஆனாலும் அவற்றின் அலகுகளுக்கு நடுவே கணிசமான ஒத்திசைவு இருப்பதை 2005-ல் ஹாக்கன்ஸ்மித் குழுவினர் காட்டினார்கள். கிள்ளிப் பிடிப்பதற்கென்று அந்த இரண்டு நரம்பணுக் கூட்டமும் ஒரே வாய்க்காலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கைமுறுக்கு, பனையோலைக் கொட்டான், கண்டாங்கித் தறியில் அறுந்த இழையை முடிவது எல்லாம் அந்தப் பங்கின்மேல் நடக்கும் வேலைகள்.

முன்கைத் தசையையும் கவைத்தசையையும் ஜோடி சேர்க்கும்போது மேடு சுழியத்தில் இருக்காது. நரம்பிழை கடக்க வேண்டிய தூரம் வேறு. 25 சென்டிமீட்டர் வித்தியாசத்தை வினாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் கடக்க 4.5 மில்லி வினாடி ஆகும். மேடு அந்த அளவுக்கு விலகி நிற்கும். சுழியத்தில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

நடுவிரலை மடித்து உள்ளங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கையை மேசையில் ஊன்றி மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். வராது. இதை நரம்பின் பங்கீட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். புறங்கையில் விரல் நீட்டும் தசைநாண்களைக் குறுக்கே கட்டியிருக்கும் நாண்பட்டைகளின் வேலை அது. வெறும் கயிற்றுக் கட்டு. மின்முனை இல்லாமல் விரல் அசைவை மட்டும் பார்த்து நரம்பைப் பற்றி முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

இடக்கைக் கவைத்தசைக்கும் வலக்கைக் கவைத்தசைக்கும் நடுவே சாதாரணமாகக் குறுகிய மேடு வராது. ஒரு கையை அசைத்தால் மறு கையும் தானாக அசையும் கண்ணாடி அசைவு உள்ள ஒருவரிடம் அது வந்தது; 1990-ல் வெளியான அந்த அளவை, மூளையில் இருந்து இறங்கும் ஒரே பாதை இரண்டு பக்கமும் கிளை பிரிந்திருப்பதைக் காட்டியது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒல்லியான மேடு மறைந்து அகலமான மேடு வருவதை ஃபார்மர் குழுவினர் 1993-ல் எழுதினார்கள். குறுகிய மேட்டுக்கு மூளைப் புறணியில் இருந்து வரும் பாதை அப்படியே இருக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

அதே ஃபார்மர் குழு அலகுகளின் தொடர்பை அதிர்வெண் வாரியாகவும் பிரித்தது. 16 முதல் 32 ஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு தெளிவான ஒத்தலைவு இருக்கிறது. ஒத்தலைவு என்பது ஓர் அதிர்வெண்ணில் இரண்டு அலைகள் எவ்வளவு இசைந்து போகின்றன என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண். 1995-ல் கான்வே குழு, மூளையின் காந்த அலைக்கும் கைத்தசையின் மின்பதிவான ஈ.எம்.ஜி.க்கும் நடுவிலும் அதே பட்டையில் தொடர்பைக் கண்டது. இதில் நடைமுறைக்கு முக்கியமான செய்தி, கில்னர் குழு 1999-ல் காட்டியது: விரல் அசையாமல் பிடித்திருக்கும்போது இந்த ஒத்தலைவு பெரிதாக இருக்கும், அசையத் தொடங்கியதும் சரியும், மறுபடி பிடித்ததும் மீளும். ஆகவே பிடித்த நேரத்தையும் அசைந்த நேரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எண் அர்த்தமற்றுப்போகும். 1 வினாடித் துண்டுகளாக 120 துண்டு எடுத்தால், 0.025-க்குக் கீழே உள்ள ஒத்தலைவைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். துண்டுகள் குறையும்போது இந்த வரம்பு ஏறும்; அதைக் கணக்கிடாமல் படம் மட்டும் போடுகிறார்கள்.

கைமுறுக்கு சுற்றுவதை அப்படியே அளக்க நினைத்தால் தோற்றுப்போவீர்கள். விரல் உருள உருள அலகின் வடிவம் மாறும், தோலும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். வேலையைத் துண்டாக்க வேண்டும். இரண்டு விசைமானியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, 3 வினாடி பிடிக்கச் சொல்லி, 2 வினாடியில் விசையைச் சீராக ஏற்றச் சொல்லி, மறுபடி 3 வினாடி பிடிக்கச் சொல்லுங்கள். இதை 100 முறை செய்தால் முதல் பிடியில் 300 வினாடி, ஏற்றத்தில் 200 வினாடி கிடைக்கும். இருபது முறைக்கு ஒரு இடைவேளை கட்டாயம் வேண்டும்.

பலம் கூடுமா?

உடற்பயிற்சிக் கூடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கிறது: அலகுகள் ஒன்றாகத் துடிக்கப் பழகினால் பலம் கூடும் என்று. தவறு. யாவோ, ஃபியூக்லவாண்ட், எனோக்கா 2000-ல் கணினி மாதிரியில் செய்து காட்டியது வேறு. ஒத்திசைவைக் கூட்டினால் தோல்மேல் பதியும் ஈ.எம்.ஜி. பெரிதாகிறது, விசையின் நடுக்கம் கூடுகிறது, சராசரி விசை அப்படியே நிற்கிறது. ஈ.எம்.ஜி. பெரிதாவதைப் பார்த்துப் பலம் கூடியதாக நினைக்கிறார்கள்.

செம்லரும் நோர்ட்ஸ்ட்ரமும் 1998-ல் கவைத்தசையை மூன்று கூட்டத்தாரிடம் அளந்தார்கள்: இசைக்கலைஞர்கள், பளு தூக்குவோர், இரண்டு பயிற்சியும் இல்லாதவர்கள். ஒத்திசைவு பளு தூக்குவோரிடம் அதிகம், இசைக்கலைஞர்களிடம் குறைவு. அதற்கு முன் 1995-ல் அவர்களே, வலக்கைப் பழக்கமுள்ளவர்களின் வலக்கையில் இடக்கையைவிட ஒத்திசைவு குறைவு என்று கண்டிருந்தார்கள். நுணுக்கமான வேலைக்குப் பழகிய கையில் நரம்பணுக்கள் கூடுதல் தனித்தன்மையோடு துடிக்கின்றன என்று இதைப் படிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வழியில் வீணை பயில்பவர் கையை நினைத்துப் பாருங்கள். வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும். சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தனியாகத் தட்டும். இடக்கையின் இரண்டு விரல்கள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கும். பக்கத்து விரலின் துடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கை வேலைக்கு ஆகாது. ஆனால் பிறவியிலேயே அப்படிப்பட்ட கை உள்ளவர்கள் வீணைக்கு வருகிறார்களா, பயிற்சி அப்படி ஆக்குகிறதா என்பதை ஒரு முறை மட்டும் அளக்கும் ஆய்வு பிரித்துக் காட்டாது. புதிதாகப் பழகத் தொடங்குபவரை முதல் மாதத்திலும் ஆண்டுகள் கழித்தும் அதே மின்முனை இடத்தில், அதே விசை சதவீதத்தில் அளந்தால்தான் பிரியும்.

கொட்டான் பின்னுபவர், ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர், மரம் செதுக்குபவர் என்று இங்கே கைத்தொழில் கைகளுக்குக் குறைவில்லை. அளக்க வருகிறவர்கள் சில விஷயங்களை ஏட்டில் கட்டாயம் குறிக்க வேண்டும். எந்தக் கை, எந்தக் கையால் எழுதுவார், எந்தக் கையால் வேலையின் நுணுக்கமான பாதியைச் செய்வார் என்பது மூன்றும் தனித்தனிக் கேள்வி. ஒன்றின் பதிலை மற்றதற்கு எழுதக் கூடாது. சிமெண்டில் புழங்கும் கையில் தோல் தடித்திருக்கும். தோல்மேல் பலகை வைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். அன்று காலையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், முடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். களைத்த கையின் அலகுகளும் ஓய்ந்த கையின் அலகுகளும் வேறு வேகத்தில் துடிக்கும். வேலை முடிந்து நேராக வந்தவரை உட்காரவைத்து, ஒரு காபி குடிக்கச் சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். காபி விரல் நடுக்கத்தைக் கூட்டும், பிறகு திரையில் விசைக்கான கோடு மறுபடி போட வேண்டியிருக்கும்.